எக்ஸ்ரே படிக்கும் மானிட்டரை அளந்து சரிசெய்வது: நீலகிரியில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. காலை ஒன்பதரை மணிக்கு அங்கே எக்ஸ்ரே படிக்கும் மானிட்டரை அளந்து முடித்தேன். மென்பொருள் 'பாஸ்' என்று பச்சையாகக் காட்டியது. பையை மூடிக்கொண்டு கிளம்பி குன்னூர் வந்து சேர்வதற்குள் ஃபோன்.

"தம்பி, காறை எலும்புக்கு மேல நுரையீரல் நுனி பிரியவே இல்லையே. நீங்க வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்றார் டாக்டர் அம்மா.

அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன். மறுபடி அளந்தேன், மறுபடி பாஸ். என்ன செய்வதென்று தெரியாமல் மானிட்டரை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அணைந்த திரையில் என் வெள்ளைச் சட்டை தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னல், அதன் நாலு கண்ணாடிச் சட்டத்தோடு தெரிந்தது. வெளியே தேயிலைச் சரிவை மூடியிருந்த பனிமூட்டத்தின் வெளுப்பு திரை முழுக்கப் பால் தெளித்த மாதிரி படிந்திருந்தது. கரியாக இருக்க வேண்டிய திரை சாம்பலாக இருந்தது. நான் வைத்த மீட்டரோ கண்ணாடியோடு ஒட்டி உட்காரும் வகை. வெளிவெளிச்சத்தை அதுவே மறைத்துவிடும். டாக்டர் கண்ணில் விழுந்த வெளிச்சம் அதற்குத் தெரிய வழியே இல்லை.

அன்றிலிருந்து என் வேலை வரிசை மாறிவிட்டது. அறை முதலில், திரை பிறகு. இந்த மலையில் அது இன்னும் அவசியம். சமவெளியில் ஜன்னல் வெளிச்சம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். இங்கே பத்து நிமிடத்தில் வெயில், அடுத்த பத்து நிமிடத்தில் வெள்ளைச் சுவர் போல மேகம். அறைக்குள் நிற்கும் வெளிச்சம் மூன்று மடங்கு கூடிக் குறைவதை, வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரில் பார்த்திருக்கிறேன்.

எதைச் சரிசெய்கிறோம்?

டிஜிட்டல் எக்ஸ்ரே பொதுவாக 12 பிட் படம். 4096 சாம்பல் படிகள். மானிட்டர் பெரும்பாலும் ஒரு நேரத்தில் 256 படிகளைக் காட்டும்; நல்ல மருத்துவ மானிட்டர் 1024. ஆகவே ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். நம் கண் கணக்கு மாதிரி வேலை செய்வதில்லை. இருட்டில் ஒளியில் பெரிய விகிதத்தில் மாற்றம் வந்தால்தான் அதற்கு வித்தியாசம் தெரியும். வெளிச்சத்தில் சின்ன விகிதமே போதும்.

கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் மிகச் சிறிய மாற்றத்தை ஒரு ஜேஎன்டி என்கிறோம். பீட்டர் பார்டன் வகுத்த பார்வை மாதிரியை அடிப்படையாக வைத்து, 0.05 கேண்டெலா முதல் ஏறக்குறைய 4000 கேண்டெலா வரை (கேண்டெலா என்பது திரை ஒளிர்வதன் அளவு; எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு) 1023 ஜேஎன்டி படிகளாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தின் 14ஆம் பகுதி அதுதான். ஜிஎஸ்டிஎஃப் என்று எல்லோரும் சொல்வது இந்த வளைகோட்டை. திரையின் ஒவ்வொரு படியும் சம எண்ணிக்கை ஜேஎன்டி ஏறும்படி செய்வதே நம் வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காது. திரையின் கறுப்பு 1 கேண்டெலா, வெள்ளை 350 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 1 என்பது சுமார் 71ஆவது படி, 350 என்பது சுமார் 653ஆவது படி. நடுவில் 580க்கு மேல் ஜேஎன்டி கிடைக்கிறது. அப்படியானால் நடுச் சாம்பல், அதாவது 256இல் 128ஆவது படி, எவ்வளவு ஒளிர வேண்டும்? பாதியான 175 என்று தோன்றும். சரியான விடை ஏறக்குறைய 40. கடையில் வாங்கிய சாதாரண மானிட்டர், காமா 2.2 என்ற அமைப்பில், அதே இடத்தில் 77 வரை காட்டும். இருட்டுப் பக்கம் இதைவிட மோசம். முதல் 15 படிகளில் 34 ஜேஎன்டி ஏற வேண்டும், காமா 2.2 திரையில் 23 அல்லது 24தான் ஏறும். நுரையீரலின் கருமையில் ஓடும் மெல்லிய கோடு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நியூமோதோராக்ஸின் ஓரம் போன்றவை இந்த இருட்டுப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இப்போது ஜன்னலுக்கு வாருங்கள். வெளிவெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி வெறும் 1 கேண்டெலா சேர்க்கிறது என்று வையுங்கள். வெள்ளை 350 என்பது 351 ஆகும், யாருக்கும் தெரியாது. கறுப்பு 1 என்பது 2 ஆகிவிடும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 350இலிருந்து 175ஆகப் பாதியாகிறது. கணக்கு 71ஆவது படியில் தொடங்காமல் 104ஆவது படியில் தொடங்குகிறது. முப்பதுக்கு மேற்பட்ட ஜேஎன்டி போச்சு, அத்தனையும் கறுப்பில். கோத்தகிரியில் அந்த டாக்டர் அம்மாவுக்குத் தெரியாமல் போனது இந்த முப்பது படிகள்தான்.

அறை

படிக்கும் இடத்தில் 25 முதல் 50 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கட்டும். முழு இருட்டு வேண்டாம். கும்மிருட்டில் பளிச்சென்ற திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் எரியும், சீக்கிரம் அலுத்துவிடும். மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு மங்கலான விளக்கு வைத்தால் போதும்.

திரை ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் இருக்கட்டும். ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய கட்டடங்களில் ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு இருக்கும். குளிர்காய வெயில் வேண்டும் என்று கட்டியவை. அவற்றுக்குத் தடித்த கறுப்புத் திரைச்சீலை போடச் சொல்லுங்கள். மெல்லிய துணி வெயிலை மறைக்கும், மேக வெளுப்பை மறைக்காது. எதிர்ச் சுவர் வெள்ளை எனாமல் பெயிண்டாக இருந்தால் அதுவும் கண்ணாடி மாதிரிதான். பளபளப்பில்லாத சாம்பல் வண்ணம் நல்லது. நீங்களும் கரு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். எனக்கு அது அன்று கற்ற பாடம்.

அடுத்து, பட்டுத் திரும்பும் ஒளியை அளக்க வேண்டும். தூரத்திலிருந்து குறிபார்த்து அளக்கும் மீட்டர் இருந்தால் மானிட்டரை அணைத்துவிட்டு, டாக்டர் உட்காரும் இடத்திலிருந்து திரையை அளவெடுங்கள். வருகிற எண்தான் அது. அந்த மீட்டர் இல்லையென்றால் லக்ஸ் மீட்டரைத் திரையின் முகத்தில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து அளந்து, மானிட்டர் ஆவணத்தில் உள்ள எதிரொளிப்பு எண்ணால் பெருக்குங்கள். அந்த எண் 0.005 என்று வைத்தால், 50 லக்ஸில் 0.25 கேண்டெலா, 200 லக்ஸில் 1 கேண்டெலா. திரையின் கறுப்பில் கால் பங்குக்கு மேல் இது போகக் கூடாது. கறுப்பு 1 என்றால் 0.25 வரை. 50 லக்ஸ் என்ற வரம்பு ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அளவீட்டை மேகம் சூழ்ந்த நேரத்தில் ஒரு தடவை, வெயில் நேரத்தில் ஒரு தடவை எடுங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை திரைச்சீலையைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன்னால் மானிட்டரைத் தொடாதீர்கள்.

திரையைத் தயார்செய்வது

குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலை வேளைகளில் நான் ஒரு மணி நேரம் விடுவேன். பின்விளக்கு சூடாகி நிலைக்கும்வரை எண் ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது இங்கே சாதாரணம், ஆகவே யுபிஎஸ் இல்லாத மானிட்டரில் வேலையைத் தொடங்கவே மாட்டேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து புது மானிட்டர் வந்தால் பெட்டியை உடனே பிரிக்காதீர்கள். அறையிலேயே சில மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி, இருக்கட்டும். உள்ளே ஈரம் படிந்திருந்தால் உலரும்.

திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியை லேசாகத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட்டும் சானிடைசரும் வேண்டவே வேண்டாம், பூச்சு போய்விடும். எக்ஸ்ரே அறையில் கையெட்டும் தூரத்தில் சானிடைசர் இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பிறகு கணினி அமைப்பு. ரெசல்யூஷன் மானிட்டரின் சொந்த அளவிலேயே இருக்க வேண்டும். தானாகப் பிரகாசம் மாறுவது, டைனமிக் கான்ட்ராஸ்ட், ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், மின்சேமிப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பழைய விஜிஏ கேபிள் இருந்தால் மாற்றி டிஸ்ப்ளேபோர்ட் போடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: கிராபிக்ஸ் கார்டு 'முழு வீச்சு' என்ற அமைப்பில் அனுப்புகிறதா? 'குறுகிய வீச்சு' என்றால் 16 முதல் 235 வரைதான் போகும். அப்போது கறுப்பு அப்பிக்கொள்ளலாம், இல்லையென்றால் படம் முழுக்க வெளுக்கலாம். எத்தனை தடவை அளந்தாலும் அது சரியாகாது.

முதலில் கண்ணால்

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் டிஜி18-கியூசி என்ற சோதனைப் படத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 18ஆம் பணிக்குழு 2005இல் வெளியிட்ட அறிக்கையோடு வந்த படம், இலவசம். எக்ஸ்ரே பார்க்கும் அதே பேக்ஸ் மென்பொருளில் திறக்க வேண்டும், ஒரு புள்ளிக்கு ஒரு பிக்ஸல் என்ற அளவில். எட்டு பிட் படமென்றால் விண்டோ (காட்டும் சாம்பல் வீச்சு) 256, லெவல் (அந்த வீச்சின் நடு) 128.

அதில் மூன்று பட்டைகள் உண்டு: கறுப்பு, நடுச் சாம்பல், வெள்ளை. ஒவ்வொன்றிலும் 'குவாலிட்டி கண்ட்ரோல்' என்று 14 ஆங்கில எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் முன்னதைவிட மங்கல். மூன்று பட்டையிலும் குறைந்தது முதல் 11 எழுத்துகள், அதாவது 'கண்ட்ரோல்' என்ற சொல்லின் முதல் நாலு எழுத்து வரைக்கும், தெரிய வேண்டும். கறுப்புப் பட்டையில் ஏழெட்டோடு நின்றுபோனால் அறை வெளிச்சமா, கறுப்பு அமுங்கிப்போயிருக்கிறதா என்று தேடுங்கள். ஜன்னல் சீலையை இன்னும் இழுத்து மூடிப் பாருங்கள். எழுத்து கூடினால் குற்றம் அறையுடையது. கறுப்புக்குள் 5 சதவீதச் சதுரமும் வெள்ளைக்குள் 95 சதவீதச் சதுரமும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

வெளியிலிருந்து நேராக உள்ளே வந்து இதைப் பார்த்தால் உங்கள் கண் ஏமாற்றும். நான் பத்து நிமிடம் அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் எண்ணுவேன்.

எண்ணிய எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட இதுதான் சாட்சி.

அளந்து எழுதுவது

முதலில் வெள்ளை எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும். ரிப்போர்ட் எழுதும் மானிட்டருக்கு 350 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது. மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, பார்க்கும் மானிட்டருக்கு 420. வார்டில் டாக்டர் சும்மா பார்த்துக்கொள்ளும் மானிட்டருக்கு 250 போதும். மானிட்டரால் 600 முடியும் என்றாலும் உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். பின்விளக்கு வருஷத்துக்கு வருஷம் மங்கும். மேலே இடம் விட்டுவைத்தால்தான் அடுத்த சில வருஷமும் அதே 350ஐப் பிடித்துவைக்க முடியும். கறுப்பை அந்த வெள்ளையை 350ஆல் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மென்பொருளில் 'அறை ஒளி' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது பூஜ்யமாகவே கிடக்கிறது. மேலே அளந்த எண்ணை அங்கே போடுங்கள். பட்டுத் திரும்பும் ஒளியையும் சேர்த்தே வளைகோடு கணக்கிடப்படும். நான் கோத்தகிரியில் விட்ட பிழையின் பாதி இந்த ஒரு கட்டம்தான்.

மானிட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் மீட்டர் தானாகத் திரையில் படிந்து உட்காரும். அழுத்தாதீர்கள், அழுத்தினால் எல்சிடியின் உள்ளே ஒளி மாறி, எண் தவறும். மேலே கறுப்புத் துணி போர்த்திவிட்டு ஓட விடுங்கள். மருத்துவ மானிட்டரில் வளைகோடு அதன் உள் நினைவிலேயே எழுதப்படும். சாதாரண மானிட்டரில் கிராபிக்ஸ் கார்டில் ஏறும், ஆகவே கணினியை மாற்றினால் எல்லாம் போய்விடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு தனி வேலை. சரிசெய்த அதே ஓட்டத்தின் 'பாஸ்' போதாது. டிஜி18-எல்என் வரிசையில் 18 படங்கள் உண்டு. நடுச் சதுரம் 0, 15, 30 என்று 255 வரை ஏறும். ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணை ஜேஎன்டி படியாக மாற்றி, அடுத்தடுத்தவற்றின் வித்தியாசத்தைப் பாருங்கள். 1 முதல் 350 வரையிலான திரையில் ஒவ்வொரு தாவலும் 34 ஜேஎன்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 31க்கும் 37க்கும் இடையில். வார்டு மானிட்டருக்கு 20 சதவீதம் வரை விடலாம். 17 தாவலையும் தாளில் எழுதி ஒருமுறையாவது கையால் கணக்குப் போடுங்கள். எந்த இடத்தில் திரை தடுமாறுகிறது என்பது அப்போதுதான் மனதில் நிற்கும்.

திரையின் நடுவிலும் நாலு மூலையிலும் ஒளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடிய எண்ணிலிருந்து குறைந்த எண்ணைக் கழித்து, 200ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். நடுவில் 352, ஒரு மூலையில் 300 என்றால் 16 சதவீதம். 30க்குள் இருந்தால் சரி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டின் வெள்ளையும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகட்டும். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் டாக்டர் ஒப்பிடுவது அந்த இரண்டில்தான்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரைக் கூப்பிட்டு, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைத் திறக்கச் சொல்லுங்கள். நுரையீரல் நுனி, இதயத்துக்குப் பின்பக்கம், ஓரத்தில் மெலியும் ரத்தக் குழாய்கள் என்று மூன்று இடம் காட்டச் சொல்லுங்கள். பழைய திரைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் படம் மாறித் தெரியலாம். அவர் குறை சொன்னால் அவசரப்பட்டுக் குமிழைத் திருகாதீர்கள். இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் ஓரிடம் பிரியவில்லை என்றால் அவர் சொல்வதை நம்பி அறையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

செல்ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்டேட் மருத்துவமனைகளிலிருந்தும் கூடலூர்ப் பக்கத்திலிருந்தும் திரையை ஃபோனில் படமெடுத்து, கோயம்புத்தூர் டாக்டருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். தூரமும் மலைப்பாதையும் அப்படி. அவசரத்தில் அது உயிர் காக்கவும் செய்யும். ஆனால் ஃபோன் கேமரா வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும், வாட்ஸாப் படத்தைச் சுருக்கும், அந்தப் பக்கத் திரையை யாரும் அளந்ததில்லை. மூன்று இடத்தில் படி நழுவுகிறது. எலும்பு முறிவுக்குச் சரி என்று விடலாம். காசநோய்க்கு ஆரம்பப் புள்ளி தேடும் படத்துக்கு டைகாம் கோப்பையே அனுப்பி, அளந்த திரையில் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடர்ந்து பார்ப்பது

காலையில் ரிப்போர்ட் தொடங்கும் முன் டாக்டரோ டெக்னீசியனோ டிஜி18-கியூசியை ஒரு நிமிடம் திறந்து எழுத்தை எண்ணட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டரோடு நீங்கள் போங்கள். வருஷத்துக்கு ஒருமுறை முழுச் சரிபார்ப்பு. தென்மேற்கு மழை தொடங்கும் முன் ஒன்று, வடகிழக்கு மழைக்கு முன் ஒன்று என்று நான் நாள் குறித்து வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் விளக்கைக் கூட்டிக்கொள்வதும் சீலையை விலக்குவதும் எல்லா இடத்திலும் நடக்கும்.

மீட்டரையும் காப்பாற்ற வேண்டும். இந்த ஈரத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். மீட்டரின் கண்ணாடியிலும் அதேதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் மாற்றுங்கள். மீட்டரையும் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவுக்குள், வழக்கமாக வருஷம் ஒருமுறை, அனுப்பி அளந்து வாங்க வேண்டும். தவறாகக் காட்டும் மீட்டரை வைத்து பத்து மருத்துவமனை சுற்றினால் பத்துத் திரையும் தவறு.

ஒரு நோட்டுப் புத்தகத்தை மானிட்டருக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, நேரம், வெளியே வெயிலா மேகமா, அறையில் எத்தனை லக்ஸ், பட்டுத் திரும்பிய ஒளி, கறுப்பு, வெள்ளை, தெரிந்த எழுத்துகள் மூன்று எண்களாக, பின்விளக்கு ஓடிய மணி நேரம், உங்கள் கையெழுத்து. மூன்று நாலு வருஷம் எழுதி வந்தால் வெள்ளை மெல்ல இறங்குவது அந்தப் பக்கங்களிலேயே தெரியும். உச்சத்துக்கு ஏற்றியும் 350 எட்டவில்லை என்றால் அந்த மானிட்டரை வாசிக்கும் அறையிலிருந்து எடுத்து வார்டுக்குக் கொடுத்துவிடுங்கள். 'ரிப்போர்ட்டுக்கு அல்ல' என்று ஒரு தாளில் எழுதி அதன் சட்டத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.